படத்தில் வராத பிள்ளை

சிதம்பரத்தில் ரயிலடிக்குப் போகிற பக்கம் இருந்த ஒரு தியேட்டரில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவர் சின்னையன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த ஸ்டாண்டில் இருந்தும் ஒரு படத்தைக்கூட அவர் கண்ணால் முழுசாகப் பார்த்ததில்லை. எல்லாப் படத்தையும் சுவர் வழியாகக் காதால் கேட்டவர்.

ஸ்டாண்டின் தகரக் கொட்டகை தியேட்டரின் பக்கச் சுவரை ஒட்டியே இருந்தது. வண்டிகளை வரிசையாக நிறுத்தி டோக்கன் கிழித்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவார். உள்ளே சண்டை நடந்தால் முதுகு அதிரும். பாட்டு வந்தால் தகரமும் கூடச் சேர்ந்து பாடும். யாராவது அழுகிற இடம் மட்டும் கேட்காது. ஆனால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் இருமாமல் செருமாமல் இருப்பார்கள் இல்லையா, அதை வைத்து, யாரோ சாகப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்வார். ஆபரேட்டர் லூர்துசாமி எத்தனையோ முறை உள்ளே வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். வண்டி ஒன்று போய்விட்டால் யார் பதில் சொல்வது என்று சின்னையன் போகமாட்டார்.

அவருடைய மனைவி தைலம்மாள் திருவதிகைப் பெண். அவளுடைய அம்மா சின்னையனுக்கு அத்தை முறை, அதாவது அவர் அப்பாவின் சித்தப்பா மகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அத்தை மகள் என்ற உரிமையில் அவரை ஒரு சொல் விடாமல் கிண்டல் செய்துகொண்டே குடித்தனம் நடத்தியவள். ஒரே மகள் சிந்துஜா. படித்து முடித்துக் கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் காலை பஸ்ஸில் போய் பொழுது சாய வீடு திரும்புவாள்.

சின்னையனுக்குச் சொந்த ஊர் புவனகிரிக்குக் கிழக்கே, வெள்ளாற்றங்கரையில். அங்கேதான் ஆத்துவீரன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் கோபுரம் கிடையாது. ஒரு வேப்பமரம், இடுப்பு உயரத்துக்கு ஒரு கல், ஆடி மாதத்தில் போடுகிற பந்தல், அவ்வளவுதான். ஆத்துவீரன் ராஜா காலத்து ஆள். எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். ராஜாவுக்கு வரியாகப் போகிற நெல்லை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போகும்போது, ஆற்றில் நீந்திப் போய் ஓடத்தை மடக்கி, நெல்லை இறக்கிக் கரையோரத்து ஊர்களுக்கு அளந்து கொடுத்தவன். ராஜாவுக்கு அவன் கொள்ளைக்காரன். கஞ்சிக்கு இல்லாதவர்களுக்குச் சாமி.

அவனைப் பிடிக்க முடியாமல் ராஜாவின் ஆட்கள் அலைந்தார்கள். கடைசியில் பிடித்தது சாப்பாட்டில். அவன் பெண்டாட்டிக்குக் கூடப் பிறந்த அண்ணன் பொன்னன் என்று ஒருவன். அவன் வீரனை விருந்துக்குக் கூப்பிட்டான். கையில் சோறு இருக்கும்போது வீரன் ஆயுதத்தைத் தொடமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். இலையில் உட்கார்ந்து முதல் கவளத்தைப் பிசைகிற நேரத்தில் ஆட்கள் வந்து வளைத்துக்கொண்டார்கள். கொண்டுபோய்க் கழுவில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த வீரன் வழியில் வந்தவர்கள் ஒரு வகையறா. பொன்னன் வழியில் வந்தவர்கள் இன்னொரு வகையறா. சின்னையன் பொன்னன் வகையறா. ஆடிப் படையலுக்கு இரண்டு வகையறாக்காரர்களும் வருவார்கள். ஒருவரையொருவர் மச்சான், மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே முறை வைக்காமல் இருக்கிற சொந்தம் அது.

படையலன்று கதை சொல்கிற பொறுப்பு பொன்னன் வகையறாவுக்கு. செய்தவன் வீட்டு வாயால்தான் அது வரவேண்டும் என்று எந்தக் காலத்திலோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதைச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. வீரனைப் பிடித்துக்கொண்டு போனது வரைக்கும் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அங்கே நிறுத்திவிட்டு, வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். வீரன் பாதியில் விட்ட சோற்றை இவர்கள் சாப்பிட்டு முடிப்பதாக அர்த்தம். இலையை மடித்த பிறகுதான் மீதிக் கதை. பொன்னன் ஏன் அப்படிச் செய்தான் என்பதும், வீரனுடைய பிள்ளை என்ன ஆனான் என்பதும் அந்த மீதியில்தான் இருக்கிறது. சாப்பிடாதவர் காதில் அது விழக் கூடாது. அதனால் முதல் பாதி சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தெரியும். மீதியைக் கேட்டவர்கள் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மட்டும்தான்.

அப்பா காலமான பிறகு அந்தக் கதையைச் சொல்லி வந்தவர் சின்னையன்.

2009-ல் ஒரு நாள் மத்தியானம் சின்னையன் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. லூர்துசாமிதான் வழிகாட்டி அனுப்பியிருந்தார். சினிமா எடுக்கிறவர்கள். வெள்ளாற்றங்கரையில் ஒரு கொள்ளைக்கார வீரனின் கதை இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர்தான் அவர்களில் பெரியவர். மரியாதையாகத் தரையிலேயே உட்கார்ந்தார். சின்னையன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கதையை ஆரம்பித்தார். கேட்கிறவர் நல்லவராக அமைந்துவிட்டால் அவருக்குக் குரல் தானாக ஏறும். ஓடம் மடக்கியதைச் சொன்னார், நெல் அளந்ததைச் சொன்னார், இலை போட்டதைச் சொன்னார், பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னார். கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கே நிறுத்தி, வாங்க கை கழுவலாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார் சின்னையன். உள்ளே தைலம்மாள் கிழங்கான் மீன் குழம்பு வைத்து, வந்தவர்களுக்கும் சேர்த்து உலை வைத்திருந்தாள். அவர்களோ, வெளிச்சம் போவதற்குள் பிச்சாவரத்தில் இடம் பார்க்க வேண்டும், இன்னொரு நாள் வந்து சாப்பிடுகிறோம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். சின்னையன் இரண்டு தரம் வற்புறுத்தினார். ஊர்ப்பக்கத்து உபசாரம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் சிரித்தபடி காரில் ஏறிவிட்டார்கள். இன்னும் கதை இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சாப்பிடாதவரிடம் மீதி இருக்கிறது என்று சொல்வதே பாதி சொன்ன மாதிரிதானே என்று நினைத்திருப்பார். கார் போன புழுதி அடங்குகிற வரைக்கும் வாசலிலேயே நின்றார்.

தைலம்மாள் கரண்டியோடு வந்து கேட்டாள்.

"பாதிக் கதைய வாங்கிக்கிட்டுப் போறாங்களே. கூப்புட்டுச் சொல்லேன்."

"சாப்புடலயே."

"குழம்ப ஒரு தூக்குல ஊத்தித் தரேன், கார்லயே தின்னுட்டுக் கேக்கட்டும்."

அந்தக் குழம்பை வீட்டில் மூன்று பேரும் இரண்டு வேளை சாப்பிட்டார்கள்.

அந்த வருஷத்து ஆடிப் படையலில் சிந்துஜாவுக்குப் பந்தியில் தண்ணீர் வைத்தவன் இளவரசு. கடலூர் முதுநகரில் காய்கறிக் கடை வைத்திருந்த சுப்பிரமணியனின் மகன். வீரன் வகையறா. சிதம்பரத்தில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்டாக இருந்தான். கடலூரிலிருந்து அவன் காலையில் சிதம்பரத்துக்கு வருவான், சிதம்பரத்திலிருந்து அவள் கடலூருக்குப் போவாள். வழியில் இரண்டு பஸ்ஸும் எதிரும் புதிருமாகக் கடக்கும். ஜன்னலோரம் உட்கார இரண்டு பேரும் எப்படிப் போட்டி போட்டார்கள் என்பதைப் பின்னால் சிந்துஜாவே சொல்லிச் சிரிப்பாள்.

விஷயம் வீட்டுக்கு வந்தபோது, முதலில் சம்மதித்தது இளவரசின் அம்மா மங்கலம். அந்தக் காலத்துக் கதையை இந்தக் காலத்துப் பிள்ளைகள் தலையில் ஏன் ஏற்றுவது என்று அவள் கேட்டாள். சுப்பிரமணியனும், எத்தனை தலைமுறைக்கு இதைத் தூக்கிக்கொண்டு அலைவது என்று ஒத்துக்கொண்டார். அவருடைய அண்ணன் காசிலிங்கம் மட்டும் அரைமனதாகத் தலையை ஆட்டினார். 2010 ஆவணியில் நிச்சயம் நடந்தது. தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. இரண்டு வகையறாவுக்கும் நடுவில் யாரும் நினைவு வைத்திருக்கிற காலத்தில் நடக்கப்போகிற முதல் கல்யாணம் அது.

அந்தத் தீபாவளிக்குத்தான் படம் வந்தது.

சின்னையனின் ஸ்டாண்டு நிரம்பி, ரோட்டோரத்திலும் வண்டி நின்றது. வீரன் வகையறாப் பிள்ளைகள் எங்கள் குலசாமி என்று எழுதிப் பெரிய ஃபிளெக்ஸ் கட்டி, கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினார்கள். சின்னையனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தன் வாயால் சொன்ன கதை சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது என்று, வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

குதிரைக் குளம்படி கேட்டது. வீரனுக்கு ஏது குதிரை, அவன் ஆற்றில் நீந்துகிறவன் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் சலங்கை. ராஜாவின் மகளுக்கும் வீரனுக்கும் காதலாம். சரி, சினிமா என்றால் அதெல்லாம் வேண்டும்தான் என்று விட்டுவிட்டார். இடைவேளைக்குப் பிறகு பொன்னன் வந்தான். பொற்காசு மூட்டை அவிழ்கிற சத்தம் கலகலவென்று கேட்டது. அதோடு ஒரு சிரிப்பு. பொன்னன்தான் சிரித்தான், நீளமாக. அப்போது உள்ளே இருந்த கூட்டம் முழுவதும் ஊளையிட்டது. தகரம் நடுங்கியது. சின்னையன் சுவரிலிருந்து முதுகை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் அந்த இடம் வரும். எப்போது வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து ரோட்டின் எதிர்ப்பக்கம் இருக்கிற டீக்கடைக்குப் போய்விடுவார். ஊளை அங்கேயும் கேட்கும்.

படம் ஓட ஓட, பொன்னன் என்பது ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வரிசையைத் தாண்டிப் போகிறவனைப் பார்த்து, பொன்னன் வேலை காட்டாதே என்றார்கள். யாரோ ஸ்டாண்டின் தகரத்தில் சாக்பீஸால் பொன்னன் ஸ்டாண்டு என்று எழுதிவிட்டுப் போனார்கள். தைலம்மாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எழுத்து அழகாய் இருக்கிறது, மீசையோடு ஒரு படமும் வரைந்திருந்தால் விட்டு வைத்திருப்பேன் என்றாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

இளவரசு தன் காலேஜில் சரித்திரம் நடத்துகிற ஒருவரிடம் போய்க் கேட்டிருக்கிறான். ஆற்றில் வரி நெல் போனது உண்மையாக இருக்கலாம், இந்த ஆளைப் பற்றிக் கல்வெட்டு எதுவும் தனக்குத் தெரிந்து இல்லை, காசு வாங்கியதற்கும் ஆதாரம் இல்லை, வாங்காததற்கும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். இதைக் கேட்டுக்கொண்டு போய் வீட்டில் சொன்னால், காசிலிங்கம் பெரியப்பா, ஆடிக்கு ஆடி நாம் கேட்கிற மீதிக் கதை பொன்னன் வீட்டார் வாயால் வந்ததுதானே, ஆதாரம் இல்லாமலா அவ்வளவு செலவு செய்து படம் எடுப்பான் என்று ஒரே போடாய்ப் போட்டுவிட்டார்.

கார்த்திகையில் சுப்பிரமணியனிடமிருந்து போன் வந்தது. எப்போதும் வாயைத் திறந்தால் மச்சான் என்று ஆரம்பிக்கிறவர், அன்றைக்கு அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

"அண்ணன் பசங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. பந்தல்ல வந்து கலாட்டா பண்ணுவோம்னு சொல்றாங்க. தை வேணாம். கொஞ்சம் தள்ளிப் பாத்துக்கலாம்."

"எதுவரைக்குங்க?"

"பாப்போம்" என்றார் சுப்பிரமணியன்.

பாப்போம் என்றால் என்ன என்று சின்னையனுக்குத் தெரியும். சிந்துஜாவுக்கும் தெரிந்தது. அவள் அழவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதில்லை என்று, அதே பஸ்ஸில் போகிற தெருப்பெண் ஒருத்தி தைலம்மாளிடம் வந்து சொன்னாள். அன்றிரவு தைலம்மாள் புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அந்த ஆளுங்களப் புடிச்சு உக்கார வச்சு ரெண்டு வாய் ஊட்டியாவது வுட்டுருக்கணும். படமே மாறியிருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா தைலு?" என்றார் அவர். பேரைச் சுருக்கி அவர் கூப்பிட்டால் ரொம்ப நொந்துபோயிருக்கிறார் என்று அர்த்தம். அவள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னையன் ஸ்டாண்டைத் தைலம்மாளிடம் விட்டுவிட்டு, விடியற்காலையிலேயே முதல் பஸ் ஏறிக் கடலூர் முதுநகருக்குப் போனார். சுப்பிரமணியன் கடையில் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் கை நின்றது. சண்டைக்கு வந்திருப்பாரோ, அழுவாரோ என்று அவருக்குப் பயம். சின்னையன் இரண்டும் செய்யவில்லை.

"படம் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

கடையை விட்டு நகர நேரமில்லை, பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும் என்றார் சுப்பிரமணியன்.

"நானும் பாக்கல. காதாலதான் கேட்டேன். பாக்காத படத்துக்கா கல்யாணத்த நிறுத்துறது? வாங்க, ரெண்டு பேரும் ஒருக்கா பாத்துடுவோம். பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

சுப்பிரமணியன் முருங்கைக்காய்க் கட்டை ஓரமாக வைத்தார். பிறகு மங்கலத்தைக் கூப்பிட்டுக் கடையில் உட்கார வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி சிதம்பரம் வந்து சேர்ந்தார்கள்.

மேட்னிக்கு லூர்துசாமி பால்கனியில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தார். சின்னையன் தியேட்டருக்குள் வந்து உட்கார்ந்ததைப் பார்க்க, முறுக்கு விற்கிறவர்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

சின்னையனுக்கு முதலில் கதையே ஓடவில்லை. அத்தனை பெரிய ஆற்றை அவர் பார்த்ததில்லை. வெள்ளாற்றைவிடப் பெரிதாக ஒரு வெள்ளாறு, அதில் நிலா. நெல் அளக்கிற இடத்தில் ஒரு கிழவி மடியை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். அவள் ஒரு வசனமும் பேசவில்லை, அதனால் சுவர் வழியாக அவளை அவர் கேட்டதே இல்லை. அவளைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் சொல்லும்போது மனசில் என்ன பார்த்தாரோ அதையே அந்தக் கண்ணாடிக்காரரும் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.

பக்கத்தில் சுப்பிரமணியன் முன்னால் குனிந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வீரன் குதிரையில் ஆற்றைத் தாண்டியபோது அவரும் கையைத் தட்டினார். தட்டிவிட்டு, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று நினைவு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பொன்னன் வந்தான். காசு கொட்டியது. சிரித்தான். கூட்டம் ஊளையிட்டது. உள்ளே உட்கார்ந்து கேட்கும்போது அது முதுகில் இல்லை, நேராக மார்பில் வந்து விழுந்தது. சின்னையன் தலையைக் குனிந்துகொண்டார். சுப்பிரமணியனும் அவர் பக்கம் திரும்பவில்லை. இலை போட்டார்கள். வீரன் உட்கார்ந்தான்.

"மச்சான், அந்தக் காலத்துல ஏது உருளக்கெழங்கு?" என்றார் சுப்பிரமணியன் திடீரென்று.

சின்னையன் நிமிர்ந்து பார்த்தார். வீரனின் இலையில் உருளைக்கிழங்குப் பொரியல் மஞ்சளாக இருந்தது. காய்கறிக் கடைக்காரர் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டிருக்கிறது. ஆனால் சின்னையன் காதில் விழுந்தது உருளைக்கிழங்கு இல்லை, மச்சான் என்ற சொல்.

வீரனைக் கழுவில் ஏற்றினார்கள். கூட்டம் மூச்சு விடாமல் இருந்தது. ராஜகுமாரி சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு நெருப்பில் இறங்கினாள். இரண்டு பேருடைய சாம்பலும் ஆற்றில் கலந்து போவதோடு படம் முடிந்தது. விளக்கு எரிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். சுப்பிரமணியன் மட்டும் எழவில்லை.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

"கல்யாணமே ஆவலயே அவருக்கு."

"ஆவல."

"அவளும் செத்துப்போயிட்டா. புள்ளகிள்ள ஒண்ணும் இல்ல." அவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப நாங்கல்லாம் எங்கேருந்து மச்சான் வந்தோம்?"

சின்னையன் தன் வீட்டுக்கு நேர்ந்த அவமானத்தை மட்டும்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். ஃபிளெக்ஸ் கட்டிப் பால் ஊற்றினவர்களுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை என்பது அவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

"எங்கப்பன், பாட்டன், காசி அண்ணன், அவரு பசங்க, எல்லாரையும் ஒரே நெருப்புல போட்டுக் கொளுத்திப்புட்டானே" என்றார் சுப்பிரமணியன். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆள் பெரிய உடம்பு, அழுது யாரும் பார்த்ததில்லை.

வெளியே ஸ்டாண்டில் ஒரே நெரிசல். தைலம்மாள் தனியாளாக டோக்கனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சின்னையன் ஓடிப் போய் நின்றார். சுப்பிரமணியனும் கூட நின்று, இடுக்கில் மாட்டிக்கொண்ட வண்டிகளைத் தூக்கி வெளியே விட்டார். எல்லாம் ஓய்ந்த பிறகு தைலம்மாள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் சோறு இருக்கிறது, காலையில் வைத்த கருவாட்டுக் குழம்பு இருக்கிறது, போய்ச் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

சிந்துஜா கதவைத் திறந்தவள், மாமனாராக வரவேண்டியவரை அப்பாவின் பின்னால் கண்டதும், கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கை கழுவத் தண்ணி குடும்மா என்று சுப்பிரமணியன்தான் சொன்னார். அவள் சொம்பைக் கொண்டுவந்து அவசரமாக நீட்டினதில் பாதித் தண்ணீர் அவர் காலில் கொட்டியது. பரவாயில்லை, காலும் கழுவ வேண்டியதுதான் என்றார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுப்பிரமணியன் மூன்றாவது தடவையும் சோறு வாங்கினார். இலையை மடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சதுதான். இருந்தாலும் சொல்லுங்க."

ஆடி இல்லை, பந்தல் இல்லை, ஆனால் சாப்பிட்டாகிவிட்டது. சின்னையன் சொன்னார்.

"வீரனப் புடிக்க முடியாதவனுங்க, அவன் வூட்டுக்குப் போயி தொட்டில்ல கெடந்த புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போயிட்டானுங்க. அப்பனக் குடுத்தாத்தான் புள்ளன்னு சொல்லிட்டானுங்க. வீரன் அப்ப ஆத்துக்கு அக்கரையில. அவன் பெண்டாட்டி ஓடியாந்து அண்ணன் கால்ல வுழுந்தா. வீரன்கிட்ட சொன்னா சண்டைக்குப் போவான், அவன் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளய முடிச்சிடுவானுங்க. அண்ணனும் தங்கச்சியும் ஒரு நாள் பூரா அழுதாங்க. அப்பறந்தான் பொன்னன் சோத்துக்கு ஆள் அனுப்பினான். வீரன் வந்தான். உக்காந்தான். ஆளுங்க வந்து கையப் புடிச்சப்ப அவன் பொன்னனப் பாத்து, ஏண்டா மச்சான் இப்பிடிப் பண்ணினேன்னு கேக்கல. புள்ள வந்துடுச்சான்னுதான் கேட்டான்."

சிந்துஜா அடுப்படி நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லா ஆடியிலும் கேட்ட கதைதான்.

"வந்துடுச்சுன்னு சொன்னான் பொன்னன். அப்ப சரி, கைய கழுவிக்கிட்டு வரேன்னானாம் வீரன். கழுவ வுடல. அந்தப் புள்ளய எங்க வூட்டுலதான் வளத்தாங்க. அந்தப் புள்ளதான் நீங்க."

சுப்பிரமணியன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டார். படம் நன்றாக இருக்கிறது என்று முதலில் சொன்னார். மூன்று தடவை பார்த்த காசிலிங்கம் அந்தப் பக்கத்தில் சந்தோஷமாக ஏதோ பேசினார்.

"அதெல்லாம் சரிதாண்ணே. அந்தப் படத்துல நீ எங்க இருக்கற?"

வெகு நேரம் கழித்து, அட ஆமாண்டா என்று காசிலிங்கம் சொன்னது போனுக்கு வெளியேயும் கேட்டது. அதன் பிறகும் லேசில் இறங்கிவரவில்லை அவர். பிள்ளைகளிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார், பேசினார். அவர்களில் ஒருவன் மட்டும், சினிமாவென்றால் அப்படித்தான் என்று முறைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அவனும் பந்தலில் சாம்பார் வாளி தூக்கினான்.

கல்யாணம் தை மாதம், சொன்ன தேதியில் நடந்தது. பந்தியில் உருளைக்கிழங்கு வேண்டாம் என்று சுப்பிரமணியன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சமையல்காரருக்குக் காரணம் புரியவில்லை.

அடுத்த மார்கழி நடுவில் அடித்த தானே புயலில் சின்னையனின் தகரக் கொட்டகை பறந்து, எங்கே விழுந்தது என்றே தெரியாமல் போனது. புதுத் தகரம் போட்டார். சிந்துஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, 2012 ஆவணியில் கடலூர் வீட்டில் பேர் வைத்தார்கள். சின்னையனும் தைலம்மாளும் சீர்வரிசையோடு போயிருந்தார்கள். காசிலிங்கம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் முதற்கொண்டு ஒரே கூட்டம். சாப்பாடு முடிந்து எல்லாரும் முன்னறையில் பாய் விரித்துச் சாய்ந்திருந்தபோது, பிள்ளைகள் டிவியைப் போட்டார்கள். அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

யாரும் மாற்றச் சொல்லவில்லை. குதிரை தாண்டியது, சலங்கை ஒலித்தது. பிள்ளைகள் வசனத்தைக் கூடவே சொன்னார்கள். சின்னையன் நாற்காலியில் உட்கார்ந்து பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். இடைவேளை கழிந்து, பொன்னன் அரண்மனைக்குள் நுழைகிற இடம் வந்தது. அடுத்தது காசு மூட்டைதான். பிள்ளைகள் ஊளையிடத் தயாராக எழுந்து உட்கார்ந்தார்கள். சின்னையன் பேத்தியின் சட்டை நூலைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

டிவி அணைந்தது.

"கரண்ட் போயிடுச்சு" என்றார் சுப்பிரமணியன். ரிமோட் அவர் தொடைக்கு அடியில் இருந்தது.

அந்த வருஷம் கரண்ட் போவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகளில் ஒன்று மேலே பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. சிந்துஜா அதன் கையில் ஒரு அதிரசத்தை வைத்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். காசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவர்போலக் கிடந்தார்.

"ஆமா சம்பந்தி, இந்தப் பக்கம் ஜாஸ்தியாத்தான் போவுது" என்றார் சின்னையன்.

மங்கலம் எழுந்து போய் உள்ளேயிருந்து ஒரு பனையோலை விசிறியை எடுத்து வந்தாள். புழுங்குதுல்லண்ணே என்று சொல்லிக்கொண்டு சின்னையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றுகிற ஃபேனுக்குக் கீழே, அவருக்கும் குழந்தைக்கும் சேர்த்து விசிற ஆரம்பித்தாள்.